மட்டன் கிழித்த கொசுவலை

க்ளெனிஸ் எழுதிய மூன்றாவது சீட்டு எங்கள் தபால் பெட்டியில் கிடந்தது. கடைப் பட்டியல் எழுதுகிற குட்டி நோட்டிலிருந்து கிழித்த தாள். 'உங்கள் பூனை மறுபடியும் என் பின்பக்க ஜன்னல் கொசுவலையைக் கிழித்திருக்கிறது. இது மூன்றாவது வலை. இனிமேல் சீட்டு வராது.' கீழே முழுப் பெயர். இருபத்து நான்கு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவளை யாரோ என்று நாங்கள் குழப்பிக்கொள்வோமாம்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"முழுப் பேரும் போட்டுருக்கா. அப்ப நெசமாவே கோவம்தான்."

"ஒரு வலை கிழிஞ்சா கொலைக்குத்தமா? இங்க அடிக்கிற காத்துக்குக் கூரையே பிச்சுக்கிட்டுப் போகுது."

"காத்துக்கு நகம் கெடையாது, கீலி."

சண்டை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை எங்கள் தெருவில் புல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். வாசலுக்கு வெளியே, சாலையோரப் புல்லை வெட்ட யார் இயந்திரத்தை வெளியே எடுத்தாலும் பக்கத்து வீட்டுப் பங்கையும் சேர்த்து வெட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. மே மாதத்திலிருந்து க்ளெனிஸ் வேலிக் கம்பத்துக்கு நேராக இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். அவள் பக்கம் தலை வாரியது போல் இருக்கிறது. எங்கள் பக்கம் கணுக்காலுக்கு மேல். அப்பா அதைத் தொடவில்லை. இப்போது வெட்டினால் பதிலுக்குச் செய்தது மாதிரி ஆகிவிடுமாம். உருளைக்கிழங்குத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் யாருடைய வம்புக்கும் போகாமல் காலம் தள்ளிய மனிதர். அந்தப் பயம் புல்வரைக்கும் வரும்.

எனக்கு அந்தப் பயம் இல்லை. இந்தத் தெருவிலேயே பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். ஊர் நூலகத்தில் வேலை. ஓய்வூதிய மனு, மீன்பிடி உரிமம், வாடகை உதவி, எதுவாக இருந்தாலும் ஆட்கள் தாளைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்குத்தான் வருவார்கள். சட்டம் தெரியும், வாய் உண்டு. சீட்டின் பின்பக்கத்திலேயே பதில் எழுதினேன்: 'பூனை கிழித்ததை யார் பார்த்தது? புகைப்படம் உண்டா?' எழுதி அவள் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பூனையின் பெயர் மட்டன். உடம்பெல்லாம் கறுப்பு, இடது காதில் பாதி இல்லை. மட்டன் பேர்ட் என்று இங்கே சொல்கிற, உடம்பெல்லாம் எண்ணெயாக இருக்கும் கடல்பறவைக் குஞ்சுகளைப் பிடித்துப் போட்ட வாளிக்குள், குட்டியாக இருந்தபோது, எண்ணெய் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்ததாம். அப்படி வந்த பெயர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டன் எங்கள் பூனை இல்லை. அது ஜாரட்டின் பூனை. ஜாரட் க்ளெனிஸின் மகன். இது க்ளெனிஸுக்குத் தெரியாது.

ஜாரட்டும் நானும் ஒரே வகுப்பு. நான் படிக்கப் போனேன், அவன் குடிக்கப் போனான். செத்துப்போன அவன் அப்பாவின் படகு மோட்டாரை விற்றுக் குடித்தபோது, க்ளெனிஸ் அவன் துணிகளை இரண்டு குப்பைப் பைகளில் கட்டிப் புல்லில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு அவன் படகுத்துறைக்குப் பின்னால் சக்கரம் வைத்த ஒரு வண்டிவீட்டில் இருந்தான். சிங்கி இறால் பிடிக்கிற படகில் வேலை. எட்டு மாதமாகக் குடிக்காமலும் இருந்தான். அதை அம்மாவிடம் சொல்ல அவனுக்கு வழி கிடைக்கவில்லை. கதவுதான் சாத்தியிருந்ததே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. விடுமுறைக்கு வந்திருந்த நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஜாரட் வந்தான். கழுத்துவரை ஜிப் போட்ட மழைச்சட்டை, அதற்குள்ளிருந்து ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது. முன்கதவைத் தட்டினான். திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, தான் தூங்கி வளர்ந்த அறையின் ஜன்னலில், கொசுவலை மேல் நான்கு விரல் நகத்தாலும் மேலிருந்து கீழே இழுத்தான். பள்ளி நாட்களில் பொழுது சாய்ந்து வந்து மாட்டிக்கொள்ளும்போது அப்படித்தான் செய்வான். எத்தனை திட்டினாலும் க்ளெனிஸ் எழுந்து வந்து திறந்துவிடுவாள்.

அன்றைக்கு உள்ளே டிவியில் கால்பந்து ஓடியது. அவன் சுரண்டினான். டிவியின் சத்தம் கூடியது. மறுபடி சுரண்டினான். இன்னும் கூடியது. துணிக்கம்பியடியில் நின்ற எனக்கு வர்ணனையாளர் சொன்ன ஒவ்வொரு பெயரும் கேட்டது.

அவன் வேலிக்கு வந்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"கீலி, ஒரு ஒதவி. ஆறு நாளு. படகுல இதக் கூட்டிட்டுப் போனா கேப்டன் என்னையே தூண்டில்ல மாட்டிருவாரு."

"உங்கம்மா உள்ளதான்டா இருக்காங்க."

"டிவி சத்தத்துல கேக்கல போல. விடு. நீ வெச்சுக்கிறியா?"

வைத்துக்கொண்டேன். ஐந்தாவது நாள், மேற்குக் கரையில் இறால் கூடையை இழுக்கும்போது ஒரு அலை வந்து அவனைக் கொண்டுபோனது. ஒரு வாரம் தேடினார்கள். ஒரு பூட்ஸ்கூடக் கிடைக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது க்ளெனிஸ் மேஜை விரிப்பை நீவிக்கொண்டே, "அவன் என்னப் பாக்க வரவேயில்ல, கீலி. ஒரு தடவகூட வரல" என்றாள்.

அந்த நிமிஷம் முடிவு செய்தேன். சொல்ல மாட்டேன். இவளுக்கு இந்தப் பூனையைத் தொடும் தகுதி கிடையாது. அவன் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது இது ஒன்று. அதை நான் வைத்துக்கொள்வேன், இவள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அது தண்டனை. யாரும் என்னை நீதிபதியாகப் போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

மிருக டாக்டரிடம் அட்டையில் என் பெயரை எழுதிக்கொண்டேன். ஆனால் தொலைந்தால் உரிமையாளரைக் கண்டுபிடிக்கப் பூனையின் தோலுக்கடியில் வைக்கிற சிப் வேறு கணக்கு. அதில் பெயர் மாற்ற முந்தைய உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். அவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினரின் கையெழுத்தும் மரணத்துக்கான தாளும் வேண்டும். அந்தப் படிவத்தை அச்செடுத்தேன். க்ளெனிஸ் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைப் பார்த்தேன். மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவள் நிரப்பாமல் விட்ட ஒரே படிவம்.

போன குளிர்காலம்வரை மட்டன் எங்கள் அடுப்பைவிட்டு நகரவில்லை. இந்த வருஷம் மார்ச்சில் ஆரம்பித்தது. தெருவில் பன்னிரண்டு வீடு இருக்கிறது. கோழி வளர்க்கிற வீடு இருக்கிறது, மீன்தொட்டி வைத்த வீடு இருக்கிறது. அது எதற்கும் போகாது. மூன்று மணி சுமாருக்கு எழும், வேலிக்கடியில் நுழையும், நேராக அந்த ஜன்னலுக்குப் போகும். பின்னங்காலில் நின்று மேலிருந்து கீழே இழுக்கும். ஒரு தடவை. பொறுத்திருக்கும். இன்னொரு தடவை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி வந்துவிடும். அது அந்த ஜன்னலை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறது, மழைச்சட்டைக்குள்ளிருந்து.

துணிக்கம்பியடியில் நின்று இதைப் பார்த்த முதல் சனிக்கிழமை மீதித் துணியைக் கூடையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். பார்த்ததாக யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் போய் நின்றேன். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால் உண்மையைச் சொல்கிறேன்: அவள் கேட்கட்டும் என்றுதான்.

புகைப்படம் உண்டா என்று கேட்டு எழுதிய மறுநாள் க்ளெனிஸே வேலிக்கு வந்தாள். கையில் மிளகுத்தூள் டப்பா. பூனை அண்டாமல் இருக்க ஜன்னலடியில் தூவிவிட்டு வந்திருக்கிறாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள்.

"படமா வேணும் உனக்கு? பெரிய படிப்பு படிச்சா இப்படித்தான் பேசச் சொல்லிக் குடுப்பாங்களா?"

"ஆதாரம் இல்லாம யார் மேலயும் பழி போடக்கூடாதுன்னு சொல்லிக் குடுப்பாங்க."

"அதக் கட்டிப் போடு, கீலி. வலை போனாப் போகுது. அந்தச் சத்தம்தான்." டப்பாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். "பூனை சுரண்டுற மாதிரி இல்ல அது."

"வேற எது மாதிரி இருக்கு?"

கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னார். என்னைத் தவிர, பூனை யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். "சொல்லிரு புள்ள. நீ பூனை வளக்கல, பழி வளக்குற."

"அவங்க அன்னிக்குக் கதவத் தொறந்திருந்தா?"

"தொறக்கல. அதுக்கு நீ என்ன, கடலுக்கு வக்கீலா?"

ஆனாலும் மறுநாள், புதன்கிழமை, வேலைக்குப் போகும்போது மட்டனைத் துணி துவைக்கிற அறையில் விட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் இல்லாத அறை. மண்தட்டு, தண்ணீர், ஒரு பழைய கம்பளி. நாலரைக்குத் திரும்பி வந்தால் எங்கள் வாசற்படியில் க்ளெனிஸ் நிற்கிறாள்.

"கட்டிப் போடுன்னு கெஞ்சிச் சொன்னேன்ல. இன்னிக்கு மூணு தடவ."

"பொய் சொல்லாதீங்க. அது காலைலேருந்து உள்ள இருக்கு."

"வந்து பாரு."

"நீங்க வந்து பாருங்க!"

அவளை உள்ளே இழுக்காத குறைதான். தாழ்ப்பாள் நான் போட்டபடி இருந்தது. திறந்தேன். மட்டன் கம்பளியில் சுருண்டு படுத்திருந்தது. எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. க்ளெனிஸ் பூனையைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு என்னை அழைத்துக்கொண்டுபோய் அந்த ஜன்னலைக் காட்டினாள். முந்தின நாள் போட்ட புது வலை. அதில் மேலிருந்து கீழே நான்கு கோடு. என் தோள் உயரத்தில் ஆரம்பித்தது. பின்னங்காலில் நின்றாலும் பூனைக்கு எட்டுகிற உயரம் இல்லை.

"காத்துல ஏதாவது கெளை..." என்றேன். அந்தப் பக்கம் மரமே கிடையாது.

"ஆமா. காத்துதான்" என்றாள் அவள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அந்த வருஷத்தில் அதுதான் முதல் முறை.

அவளுக்கு நம்ப ஒரு பூனை தேவைப்பட்டது. இல்லையென்றால் வேறு எதையோ நம்ப வேண்டியிருக்கும். இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம், அவள் நேராகப் போய் நகராட்சியில் பூனை பிடிக்கிற கூண்டு வாடகைக்கு எடுத்து வந்தாள் என்பதுதான். வெள்ளிக்கிழமை அப்பா மட்டனை ஐந்து நிமிஷம் கொல்லையில் விட்டார். தன் நிலத்தில் டின் மத்தி மீன் வைத்துப் பூனை பிடிக்க இங்கே யாருக்கும் உரிமை உண்டு. நான் வீட்டுக்கு வரும்போது க்ளெனிஸ் தன் கொல்லையில் கூண்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அது?"

"மிருகக் காப்பகத்துல குடுத்துட்டேன். சட்டப்படி." முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் உறுதி. "உன் பேரு அதோட சிப்ல இருந்தா உன்னத்தானே கூப்பிடப்போறாங்க? என்னத்துக்குக் கத்துற?"

வீட்டுக்கு ஓடிப் போய்க் காப்பகத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். டாக்டரின் அட்டை செல்லாது. சிப்பில் இருப்பது வேறு பெயர். யார் பெயர் என்று சொல்ல அனுமதி இல்லை. அந்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், போன் எடுக்கவில்லை. ஐந்து வேலை நாள் பார்ப்பார்கள். யாரும் வராவிட்டால் வேறு வீடு தேடுவார்கள். பாதிக் காதும் ஆறு வயதும் இருக்கிற, கையைக் கிட்டே கொண்டுபோனால் சீறுகிற பூனைக்கு வேறு வீடு கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் ஊசி.

அந்த ஆள் எந்தக் கடலடியில் போன் எடுக்காமல் இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை.

மட்டனை வெளியே கொண்டுவர ஒரே கையெழுத்துதான் இருந்தது. அது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சனிக்கிழமை அந்தக் கதவுவரை போனேன். உள்ளே டிவி பெரிய சத்தத்தில் ஓடியது. மணி மூன்று. பூனை நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கூண்டில் இருந்தது, அவள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். கை தட்டப் போனது, தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். ஞாயிறு போகவே இல்லை. அப்பா விரலை மடக்கினார். "திங்கள்லேருந்து நாள் எண்ணுவாங்க, புள்ள." அவ்வளவுதான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் க்ளெனிஸ். நல்ல கோட்டு, உதட்டில் சாயம், கைப்பை. கண் மின்னியது. இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"கீலி, வேலைக்கு லீவு போடு. நீ வண்டி ஓட்டு, என்னால இன்னிக்கு ஓட்ட முடியாது."

"எங்க போகணும்?"

"ஜாரட்!" என்றாள். "ஜாரட் இருக்கான். ஏழரைக்கே போன் வந்துச்சு. உங்க மகன் ஜாரட் பேர்ல பதிவான பூனை எங்ககிட்ட இருக்கு, அவரத் தொடர்புகொள்ள முடியல, ரெண்டாவது நம்பரா உங்க நம்பரக் குடுத்திருக்காருன்னு சொல்றாங்க. என் நம்பர! அவனுக்கு மனப்பாடம் அந்த நம்பர். பூனை வளக்குறான்னா ஆளு எங்கயோ வீடு வாசல்னு இருக்கான்னுதானே அர்த்தம்? கோவத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கான், படுவா. பூனையத் தேடிக்கிட்டு அவன் அங்க வருவான்ல? நாம முன்னாடியே போயிரணும். ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துருக்கேன், அவனுக்கு ஜாம் போட்டாத்தான் பிடிக்கும்."

கைப்பையைத் திறந்து ஸ்கோன் பொட்டலத்தைக் காட்டினாள். இன்னும் சூடு அடங்கவில்லை, காகிதம் வேர்த்திருந்தது.

அம்மா வீட்டுக் கதவு தனக்குத் திறக்காமல் போன அதே ஆள், பூனை தொலைந்தால் கூப்பிட வேண்டிய நம்பர் என்று அம்மா வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவள் நான்தானே.

அப்பா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் உள்ளே போய்விட்டார்.

"உக்காருங்க க்ளெனிஸ்."

"உக்கார நேரம் இல்லம்மா."

"அந்தப் பூனை மட்டன்தான்."

"எந்த மட்டன்?"

"நீங்க கூண்டு வெச்சுப் பிடிச்சது. அது ஜாரட்டோடது. படகுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கிட்டக் குடுத்துட்டுப் போனான். அவன் பேர நான் மாத்தல. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல. அவன் வரமாட்டான்."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. உதட்டுச் சாயத்தோடு ஒட்டிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே கிடந்தது.

"பொய். உனக்கு என்னப் பிடிக்காது. அதான் சொல்ற."

"பிடிக்காதுதான். ஆனா பொய் சொல்லல."

"எப்ப குடுத்தான்?"

"ஞாயித்துக்கிழம. மூணு மணி."

அவள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்தது வந்துகொண்டே இருந்தது. "குடிச்சிட்டு வரல அவன். குடிச்சு எட்டு மாசம் ஆச்சு. காசு கேக்கவும் வரல. ஆறு நாளைக்கு இந்தப் பூனைய உங்ககிட்ட விட்டுட்டுப் போகத்தான் வந்தான். சட்டைக்குள்ள வெச்சிருந்தான். நான் இங்கேருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

சொல்லி முடித்ததும் வாய் கசந்தது. தண்டனை கொடுத்தால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். எதிரில் ஒரு அறுபத்து மூன்று வயதுப் பெண் ஸ்கோன் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

"ரெண்டு வருசம்" என்றாள். "ரெண்டு வருசம் வேலிக்கு அந்தப் பக்கம் வெச்சிருந்தியா?"

"ஆமா."

"நல்லா சாப்பிடுமா அது?"

"சாப்பிடும்."

எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஒரு நீளமான பழுப்பு உறையோடு திரும்பி வந்தாள். மகன் இறந்துவிட்டதாக மரண விசாரணை அதிகாரி அனுப்பிய தீர்ப்பு, ஒன்றரை வருஷமாக ஒட்டுப் பிரிக்காமல் இருந்தது. "இது கேப்பாங்கள்ல?" என்றாள். நான் இழுப்பறையிலிருந்து என் படிவத்தை எடுத்துக்கொண்டேன்.

காப்பகத்தில் கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஜாரட் வரலையா?"

க்ளெனிஸ் உறையை மேஜையில் வைத்தாள். கத்தரிக்கோல் கேட்டு வாங்கி ஓரத்தை வெட்டினாள். தாளை எடுத்தாள், படிக்கவில்லை, அப்படியே திருப்பித் தள்ளினாள். அந்தப் பெண் படித்துவிட்டு, "மன்னிச்சிருங்க. இந்த ஒரு கட்டத்துல மட்டும் நீங்க குறி போடணும்" என்று என் படிவத்தில் விரல் வைத்தாள். 'உரிமையாளர் இறந்துவிட்டார்.'

"கீலி, நீ போடு. உனக்குத்தான் இதெல்லாம் கை வந்தது."

"நான் போட்டா செல்லாது."

பேனாவை வாங்கினாள். அந்தச் சின்னச் சதுரத்துக்கு மேலே பேனா முனை நின்றுகொண்டே இருந்தது. உள்ளே எங்கோ நாய்கள் குரைத்தன. இடையில் ஒரு பூனையின் கரகரத்த குரல். எனக்குத் தெரிந்த குரல். நான் அழைக்கவில்லை, க்ளெனிஸின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குறி போட்டாள். கோடு கட்டத்தைத் தாண்டி ஓடியது.

புதிய உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதுவாள் என்று கடைசிவரை நினைத்தேன். தன் முழுப் பெயரை எழுதினாள். சீட்டில் எழுதுவாளே, அதே கையெழுத்து. எனக்குச் சண்டை போடத் தெரியும். போட ஒன்றும் மிச்சமில்லை.

"ரெண்டாவது நம்பர் ஒண்ணு வேணும்" என்றாள் அந்தப் பெண்.

க்ளெனிஸ் என்னைப் பார்க்காமல், "உன் நம்பரச் சொல்லு" என்றாள்.

திரும்பி வரும்போது பூனைப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். கம்பிக் கதவுக்குள் விரல் விட்டிருந்தாள், மட்டன் சீறவில்லை. கடலோரச் சாலை. மேற்குக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தது. இவ்வளவு சொல்லிவிட்டு அவன் கடைசியாகச் சொன்னதை மட்டும் மறைத்து வைப்பது அசிங்கம் என்று பட்டது.

"அவன் உங்களக் கொற சொல்லல, க்ளெனிஸ். டிவி சத்தத்துல கேக்கல போலன்னுதான் சொன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தாள். "கேட்டுச்சு" என்றாள்.

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"முத தடவையே கேட்டுச்சு. அவன் விரல் எனக்குத் தெரியாதா? கொஞ்சம் நிக்கட்டும்னு நெனச்சேன். குடிச்சிட்டு எப்ப வருவான்னு நாலு வருசம் என்ன வாசல்ல நிக்க வெச்சான்ல, நாலு நிமிசம் நிக்கட்டும்னு. அப்புறம் போய்த் தொறந்தேன். அங்க ஆளு இல்ல." கம்பிக்குள் விரலை நகர்த்தினாள். "நீ அன்னிக்குத் துணி கிளிப்ப வாயில வெச்சுக்கிட்டு அவங்கூடப் பேசிக்கிட்டிருந்த. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன், அவன் முதுகுதான் தெரிஞ்சுது, பூனை தெரியல. உங்கூடச் சிரிச்சுப் பேசுறான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல."

அன்று அவள் பூனையை முன்கதவு வழியாக உள்ளே எடுத்துப் போனாள். மறுநாள் அந்த ஜன்னலிலிருந்து கொசுவலைச் சட்டத்தைக் கழற்றிக் குப்பைத்தொட்டியின் மேல் சாய்த்து வைத்தாள். இங்கே ஜூலையில்தான் கடுங்குளிர், ஆனாலும் ஜன்னல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. திரை வெளியே வந்து வந்து போகிறது. டிவி சத்தம் கேட்பதே இல்லை. மட்டன் நினைத்தால் ஒரே தாவலில் எங்கள் கொல்லைக்கு வந்துவிடலாம். வருவதில்லை. நாள் முழுக்க அந்த ஜன்னல் கட்டையில், நட்ட நடுவில், வெளியே பார்த்தபடி படுத்திருக்கிறது.

வேலை இல்லாத நாட்களில், துணி உலர்த்துகிற சாக்கில் நான் பார்க்கிறேன். மூன்று மணி ஆகும்போது அது எழுந்து, எதையோ பார்த்துக்கொண்டே, ஓரமாகத் தள்ளி உட்கார்கிறது. கட்டையில் ஒரு ஆள் கால் வைத்து ஏறி உள்ளே வரும் அளவுக்கு இடம் விட்டு. அறைக்குள்ளே, கட்டிலின் விளிம்பில், க்ளெனிஸும் நகர்ந்து உட்கார்கிறாள்.